சைவப் பிரசங்கம்: தோற்றமும் பயிற்சியும்

அவையில் எழுந்து பேசும் ஆற்றல் பிறவியோடு வருவதென்றும், நாவிற் கலைமகள் உறையப்பெற்றார்க்கன்றி அஃது ஏனையோர்க்கு வாய்ப்பதன்றென்றும் கருதுவார் பலர். ஏம்பலம் போன்ற சிற்றூரில் ஓர் இளைஞன் திருக்கோயில் விழாவில் நாலு பேர் முன்னிலையில் நின்று நாத்தடுமாறுவானாயின், ‘அவனுக்கு வாக்கு இல்லை’ என்று ஊரார் ஒரு சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுவர். அவனும் அத்தீர்ப்பை ஏற்று, பின்னை வாழ்நாள் முழுவதும் வாய்திறவாது பந்தலின் ஓரத்தே அமர்ந்துவிடுவான். அவ்வூரைச் சூழ்ந்த நாட்டின் வரலாற்றையும், சைவமேடையின் வரலாற்றையும் அறிந்தார் அத்தீர்ப்பினை ஒப்பார்.

ஏம்பலம் புதுவை நகர்க்குத் தென்மேற்கே உள்ளது. அதற்குத் தென்கிழக்கே வாகூரும், வடமேற்கே திரிபுவனையும், தெற்கே பெண்ணையாற்றினைக் கடந்தால் திருப்பாதிரிப்புலியூரும் உள்ளன. சொல்லும் கலையைப் பொறுத்தமட்டில் இம்மூன்றூரும் சிறிய ஊர்கள் அல்ல.

வாகூரில் கிடைத்த செப்பேடு பல்லவ மன்னனாகிய நிருபதுங்கவர்மனது 8-ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பெற்றது, கி.பி. 9-ஆம் நூற்றாண்டினது. அவ்வூரிலிருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்வி நிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்ட செய்தி அதன்கண் உள்ளது. அலைமோதும் கங்கையைச் சிவபெருமான் தம் சடையில் தாங்கியவாறு போல, ஆழ்ந்து பரந்த கல்வியை வாகூரார் தம்மிடத்தே தாங்கினர் என்னும் பொருள்பட அச்செப்பேட்டு வாசகம் அமைந்திருத்தல் சைவர்க்கு இன்பம் பயப்பதாம்.

திரிபுவனைக் கல்வெட்டு இன்னும் விரிவானது. அது முதல் இராசாதிராச சோழனது காலத்தது; 1048-ஆம் ஆண்டினது. அக்கோயில் திருமால் கோயிலேயாயினும், ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளுக்கு அஃது இன்றியமையாத சான்றாகின்றது. 72 வேலி நிலத்தின் வருவாயைக்கொண்டு 12 ஆசிரியர்களும் 260 மாணாக்கர்களும் அங்கே ஆதரிக்கப்பட்டனர். வேதம் ஓதுவிப்பார்க்கு வேறாக, வேதாந்தம், வியாகரணம், பாரதம், இராமாயணம், மனுநூல் முதலியவற்றை விரித்துரைப்பார்க்கும் அங்கே இடம் இருந்தது. ஓதுதல் வேறு, உரைத்தல் வேறு என்பதனை அக்காலத்தார் தெளிவாக உணர்ந்திருந்தனர். பழைய சாசனங்களில் ‘வக்காணித்தல்’ என வழங்குவது இவ்விரித்துரைக்கும் தொழிலையே. நெல் அளந்து கொடுத்து வளர்க்கவேண்டிய தொழிலாக அவர்கள் அதனைக் கருதினார்களேயன்றி, தானே வானினின்று இழியும் வரமாகக் கருதினார்களல்லர். இதற்கும் முன்னே, கி.பி. 7-ஆம் நூற்றாண்டில், முதற் பரமேசுவரவர்மன் கூரம் என்னும் ஊரில் மண்டபத்தே பாரதம் வாசிப்பதற்கென்று பங்கு ஒதுக்கிய செய்தியைக் கூரச் செப்பேட்டிற் காணலாம்.

பாரதம் சொல்லும் அவ்வழக்கு இந்நாட்டில் இன்றும் அற்றுப்போகவில்லை. திரௌபதியம்மன் கோயில்களில் விழா நிகழும் நாட்களில் பிற்பகல்தோறும் பந்தலில் பாரதப் பிரசங்கம் நடைபெறும்; இரவில் அதே கதை தெருக்கூத்தாக ஆடப்பெறும். பிரசங்கியார் வில்லிபாரதச் செய்யுளை இசையோடு எடுத்துப் பாடி, பின்னர்ப் பொருள் விரித்து, ஊர்வழக்கும் நகைச்சுவையும் கலந்து கதையை நடத்துவார். எழுத்தறியாத உழவனும் அருச்சுனன் தவத்தையும் வீமன் வஞ்சினத்தையும் அறிந்திருப்பது இப்பந்தலின் பயனேயாகும். பிரசங்கியார் ஒரே நாளில் உண்டாவாரல்லர். ஒரு பிரசங்கியாருக்குப் பின்பாட்டுப் பாடி, ஆண்டுகள் பலவாக அவரோடு ஊர் ஊராகத் திரிந்து, எந்த இடத்தில் நிறுத்தினால் அவை நிமிர்ந்து பார்க்கும், எந்த இடத்தில் நீட்டினால் கிழவர் உறங்குவர் என்பதனைக் கண்ணாற் கண்டு கற்ற பின்னரே ஒருவர் தனித்துப் பந்தலேறுகின்றார்.

ஆயினும் பாரதப் பிரசங்கத்திற்கும், யாழ்ப்பாணத்துச் சிவாலயங்களில் வழங்கும் புராணபடனத்திற்கும் ஓர் எல்லை உண்டு. படனத்தில் ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். செய்யுள் எவ்வழிச் செல்கின்றதோ அவ்வழியே சொல்லும் செல்லவேண்டும். கேட்போர் ஊரில் கள்ளுக்கடை பெருகிற்றென்றோ, கோயிற் பூசை குறைந்ததென்றோ, பிள்ளைகள் பிறமதப் பள்ளியிற் சேர்ந்தனரென்றோ பயன் சொல்பவர்க்குத் தோன்றினும், அன்று வந்த செய்யுள் சூரபதுமன் நகரைப் பற்றியதாயின் நகரைப் பற்றியே பேசவேண்டும். கேட்போரை நோக்கி, அவர்தம் நிலையை நோக்கி, ஒரு பொருளைத் தானே தெரிந்தெடுத்து, பல நூற் பிரமாணங்களை அதற்கு அரணாக வைத்து, அவர் மனத்தை ஒருவழிப்படுத்தும் பேச்சு அக்காலத்துச் சைவரிடத்தே வழக்கில் இல்லை. சைவமேடை தொன்றுதொட்டு வருவதென்று இன்று பலரும் எண்ணுவர். அதன் பொருள் தொன்மையானதே. அதன் வடிவமோ 19-ஆம் நூற்றாண்டினது.

அவ்வடிவம் வந்த வழியை மறைப்பதாற் பயனில்லை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசியோனும் வெசுலியன் மிசியோனும் பள்ளிகளையும் அச்சுக்கூடங்களையும் நிறுவி, ஞாயிறுதோறும் கோவிலிலும், ஏனைய நாட்களில் சந்தையிலும் மரத்தடியிலும் பிரசங்கித்துவந்தன. பாதிரிமார் தம் வேதவாக்கியம் ஒன்றை எடுத்து, அதனைச் சில கூறாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றையும் கேட்போரது அன்றாட ஒழுக்கத்தோடு பொருத்தி, முடிவில் ‘நீ செய்யவேண்டுவது இது’ என்று நேரே கூறுவர். அவர்தம் தமிழ் கொச்சையாயிருந்தது. ஆனால் பேச்சு ஒழுங்குடையதாயிருந்தது. சைவப் புலவர்தம் தமிழ் செப்பமாயிருந்தது. ஆனால் அது சந்தைக்கு வரவில்லை. இவ்விரண்டிற்கும் இடையே அகப்பட்ட மக்கள் எப்பக்கம் சாய்வர் என்பது அறிதற்கரியதன்று.

1822-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் நல்லூரிற் பிறந்த ஆறுமுகப்பிள்ளை, பேர்சிவல் பாதிரியார் நடத்திய வெசுலியன் மிசியோன் பள்ளியில் முதலில் மாணாக்கராகவும் பின்னர் ஆசிரியராகவும் இருந்தார். பாதிரியாருக்குத் தமிழ் கற்பித்ததோடு, விவிலிய நூலைத் தமிழாக்கும் பணியிலும் துணைபுரிந்தார். ஒரு சொல்லுக்கு மாற்றாக மூன்று சொல்லை வைத்துப் பார்த்து, பாமரர்க்கும் விளங்கி, புலவர்க்கும் இழுக்கின்றி நிற்பது எது என்று நாள்தோறும் ஆய்ந்த பயிற்சி அவர்க்கு அங்கேதான் கிட்டியது. பிரசங்கத்தின் அமைப்பையும் அவர் அங்கேயே கேட்டறிந்தார். சிவாகமங்களையும் புராணங்களையும் திருமுறைகளையும் வேறாகத் தம் முயற்சியாற் கற்றார். பகைவர் கையிலிருந்த வாளைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டார் என்று சிலர் இதனைப் புகழ்வதுண்டு. வாள் என்பதினும் ஏர் என்பது பொருந்தும். யார் நிலத்தை உழுதாலும் ஏர் ஏரே.

1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலையில், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதற் சைவப் பிரசங்கம் நிகழ்ந்தது. அன்றுதொட்டு வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. ஆறுமுகப்பிள்ளையும் அவர்தம் நண்பர் கார்த்திகேசையரும் மாறி மாறிப் பேசினர். சிவபத்தி, திருக்கோயில் வழிபாடு, கொல்லாமை, கள்ளுண்ணாமை, தானம் போன்றவை பொருளாயின. மிசியோனார் நடத்திய உதயதாரகைப் பத்திரிகையும் இப்பிரசங்கங்களைக் குறித்து எழுதிற்று. எதிர்த்தரப்பினர் கவனிக்கத் தொடங்குவதே ஒரு பேச்சு செவியில் ஏறிற்று என்பதற்கு முதற்சான்று.

இங்கே இரண்டு செய்திகளை ஊன்றி நோக்கவேண்டும். பெருவிழா நாளில் ஒருமுறை முழங்கி ஓய்வது என்றில்லாமல், வாரந்தோறும் பேசுவது என்று வைத்துக்கொண்டது ஒன்று. வாரந்தோறும் பேசுவோன் சென்ற வாரம் சொன்னதையே இவ்வாரமும் சொல்ல முடியாது. ஆதலின் இடைப்பட்ட ஆறு நாளும் அவன் கற்கவேண்டியவனாகின்றான். சென்ற வாரம் எவ்விடத்தே அவை கலைந்தது என்பதும் அவனுக்கு நினைவிருக்கும். இருவராய் மாறிப் பேசியது மற்றொன்று. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்போருள் ஒருவராய் இருந்தார். தன் பேச்சைத் தானே அளக்கமாட்டாத குறைக்கு இதனினும் மேலான மருந்து கண்டறியப்படவில்லை. இக்காலத்தில் பேச்சுப் பயிற்சிக்கென்று அமையும் கழகங்கள் பெருமுயற்சியுடன் வகுக்கும் முறையும் பெரும்பாலும் இவ்வளவே.

1848-ஆம் ஆண்டில் அவர் மிசியோன் வேலையைத் துறந்து, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டு அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுத் தமிழகம் வந்தபோது திருவாவடுதுறை ஆதீனத்தில் பிரசங்கம் செய்தார். ‘நாவலர்’ என்னும் பட்டம் அங்கே அளிக்கப்பெற்றது. பாடல் பாடியதற்காகவோ நூல் இயற்றியதற்காகவோ அன்றிப் பேசியதற்காக ஓர் ஆதீனம் பட்டம் அளித்தது எண்ணத்தக்கது. நாவிற்கு அரசர் என்னும் பெயரை அப்பர் சுவாமிகளுக்கு இறைவனே திருவதிகையில் சூட்டினான் என்பது பெரியபுராண வரலாறு. அந்நாவுக்கரசர் கல்லையே தெப்பமாகக் கொண்டு கரையேறிய தலம் ஏம்பலத்தார்க்கு அண்மையிலுள்ள திருப்பாதிரிப்புலியூரே.

நாவலர் பேச்சின் இலக்கணத்தை எங்கிருந்து கொண்டார் எனின், முழுவதும் பாதிரிமாரிடமிருந்து என்று கூறுதல் தவறு. 1851-ஆம் ஆண்டில் அவர் நன்னூல் விருத்தியுரையை அச்சிட்டார். பவணந்தி முனிவர் அந்நூலின் பாயிரத்தில், பாடஞ் சொல்லும் ஆசிரியன் எவ்வாறு சொல்லவேண்டும் என்று வரையறுத்திருக்கின்றார். ஏற்ற காலமும் இடமும் அறிந்து, நல்லிடத்தே அமர்ந்து, வழிபடு தெய்வத்தைப் போற்றி, சொல்லவேண்டிய பொருளை முதலில் தன் உள்ளத்தில் ஒழுங்குபட அமைத்துக்கொண்டு, விரையாமலும் வெகுளாமலும், விருப்பத்தோடும் மலர்ந்த முகத்தோடும், கேட்போனது கொள்ளும் அளவை அறிந்து, அவன் உள்ளம் ஏற்குமாறு, மாறுபாடில்லாத மனத்தோடு கொடுக்கவேண்டும் என்பது அதன் கருத்து. அவையிற் பேசுவோனுக்கு இதில் ஒன்றேனும் வேண்டாததாக உண்டோ? பொருளை உள்ளத்தில் அமைத்துக்கொள்ளுதல் முன்னும், வாய்திறத்தல் பின்னும் வைக்கப்பட்டிருத்தலைக் கவனிக்க. விரையாமை என்பதனைப் பலர் எளிதென்று எண்ணுவர். அச்சம் மிக்கவன் விரைவான். நிரம்பக் கற்று அதனை வகைப்படுத்தாதவனும் விரைவான். திருக்குறளிலும் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்கள் இப்பொருளுக்கே உரியவை. அந்நூலைப் பரிமேலழகர் உரையோடு நாவலர் 1861-ஆம் ஆண்டில் அச்சேற்றினார்.

இவ்விதிகளெல்லாம் ஒரு மாணாக்கன் முன்னிலையில் ஓர் ஆசிரியனுக்கு விதிக்கப்பட்டவை. அவற்றை ஓர் ஊரார் முன்னிலைக்குக் கொண்டுவந்ததே நாவலர் செய்த புதுமை. அங்ஙனம் கொண்டுவருவதற்கு உரைநடை வேண்டியிருந்தது. அவர் எழுதிய பாலபாடங்களிலும், 1852-ஆம் ஆண்டில் வெளிவந்த பெரியபுராண வசனத்திலும் வாக்கியங்கள் பல நீண்டே செல்கின்றன. ஆயினும் எழுவாய் எது, பயனிலை எது என்று படிப்போன் தேடவேண்டுவதில்லை. நிறுத்தற்குறிகளைத் தமிழ் உரைநடையில் ஒழுங்காக வழங்கியவரும் அவரே. மூச்சு நிறுத்தவேண்டிய இடத்தைக் காகிதத்தில் குறித்துக் காட்டுதல் நெடுங்காலம் மேடையில் நின்று பழகியவர்க்குத் தோன்றும் எண்ணமாம். அவர் பேச்சு எழுத்தைத் திருத்திற்று. எழுத்து பேச்சைத் திருத்திற்று.

பேச்சினால் அவர் நண்பரை மட்டுமே பெற்றாரல்லர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆகம விதிக்கு மாறானவை என்று தாம் கருதியவற்றை வெளிப்படையாகக் கண்டித்து, அக்கோயிலாரது பகையைத் தேடிக்கொண்டார். பழித்தோர்க்கு அச்சிலும் விடை கொடுத்தார். அவையஞ்சாமை என்னும் சொல்லுக்குப் பொருள் நடுங்காது நிற்பது மட்டுமன்று, அவையிலுள்ளார் விரும்பாததைச் சொல்லவேண்டியவிடத்துச் சொல்லுதலும் ஆம் என்பதற்கு அவர் வாழ்க்கை உரையாகும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் கூறவேண்டும். அப்பிரசங்கங்கள் திருக்கோயிலின் உள்ளே நிகழ்ந்தன. கோயிலுட் புகவொட்டாது தடுக்கப்பட்டிருந்த மக்கள் செவிக்கு அவை எட்டவில்லை. நாவலரும் சாதி வரம்பினைக் கடக்க விழைந்தாரல்லர். பாதிரிமார் மரத்தடியிலும் பேசினர். அங்கே எவரும் வந்து நிற்கலாயிற்று. சைவப் பிரசங்கம் தொடக்கத்திலேயே தன் கேட்போருள் ஒரு பகுதியை வெளியே நிறுத்திவிட்டது. அதன் விளைவு இருதலைமுறைகளுக்கு உணரப்பட்டது. பொருளைச் சிறக்க அமைத்தலும் குரலைச் செப்பமாக நடத்துதலும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவு இன்றியமையாதது யார் கேட்க வரலாம் என்பதும். முற்காலத்துப் பிரசங்க வரலாறுகள் இதனைச் சொல்லாமற் கடந்துவிடுகின்றன.

நாவலரது கடைசிப் பிரசங்கம் 1879-ஆம் ஆண்டு ஆடிச் சுவாதியில், சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசை நாளில் நிகழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அவர் சிவபதம் அடைந்தார். முதற் பிரசங்கத்திற்கும் கடைசிப் பிரசங்கத்திற்கும் இடையே ஏறத்தாழ 32 ஆண்டுகள்.

அவர் விதைத்தது தமிழகத்தில் வேறு வேறாக முளைத்தது. சென்னைச் சூளையிற் பிறந்த சோமசுந்தர நாயகர் (1846-1901) வாதப்போரில் வல்லவராய், ‘வைதிக சைவ சித்தாந்த சண்டமாருதம்’ எனப் பெயர் பெற்றார். சண்டமாருதம் என்ற பெயரே அவர்தம் பேச்சின் போக்கைக் காட்டும். எதிரியைச் சாய்க்கும் காற்று அது. எதிரி இல்லாத இடத்தில் அதற்கு வேலை குறைவு. வாதத்தால் வென்றவர் தொகை மிகுதி, வாதத்தால் மனம் மாறினவர் தொகை குறைவு என்பது எச்சமயத்தார்க்கும் பொதுவான அனுபவம். ஆயினும் அக்காற்றில் மூண்டெழுந்த விளக்குகளும் உண்டு. மறைமலையடிகள் அவரிடத்தே சித்தாந்தம் கேட்டவர். தூத்துக்குடியிலும் பாளையங்கோட்டையிலும் 1880-களில் சைவ சபைகள் தோன்றி, பேசுவோர்க்கு மேடையும் கேட்போர்க்குத் திண்ணையும் அமைத்தன.

யாழ்ப்பாணத்துப் புலோலியினின்று சென்னைக்கு வந்த நா. கதிரைவேற்பிள்ளை இராயப்பேட்டை வெசுலி கல்விச்சாலையில் தமிழாசிரியராயிருந்தார்; சைவ மேடைகளிலும் முழங்கினார். அவர்தம் மாணாக்கருள் ஒருவர் திரு.வி. கலியாணசுந்தர முதலியார். 1918-ஆம் ஆண்டில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, ஆலைத் தொழிலாளர் முன்னிலையில் நல்ல தமிழில் எளிமையாகப் பேசி அவர்தம் உள்ளத்தைக் கவர்ந்தவர் அவர். அரசியற் கூட்டங்களில் ஆங்கிலமே ஆட்சிபுரிந்த காலம் அது. சைவ மேடையில் ஆசிரியர் பேசக் கேட்டு வளர்ந்த நா, ஆலைவாயிலில் நின்று பேசிற்று. சொல்லும் கலை கையிலிருந்து கைக்கு வருவதென்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது. வெள்ளிக்கிழமை மாலையில் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவரும் அங்கே கேட்போராயினர்.

இனி வாகூர் நாட்டார்க்கு மிக அணுக்கமான செய்திக்கு வருவோம். திருப்பாதிரிப்புலியூரில் உள்ள திருக்கோவலூர் ஆதீனம் வீரசைவ மரபினது. அதன் ஐந்தாம் பட்டத்து அடிகள் சிவசண்முக மெய்ஞ்ஞான சிவாசாரிய சுவாமிகள். உலகம் அவரை ஞானியாரடிகள் என்றே அறியும். 1873-ஆம் ஆண்டில் கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்திற் பிறந்து, 1889-ஆம் ஆண்டில், இன்னும் இருபது வயதும் நிரம்பாத நிலையில், பட்டம் ஏற்றார். மடத்தின் தலைவர் என்போர் அக்காலத்தில் பெரும்பாலும் அடியார்க்குக் காட்சியளிப்பர்; தீக்கை கொடுப்பர்; அணுக்கத்தார்க்குப் பாடஞ் சொல்லுவர். பொதுமக்கள் கூடிய அவையில் தாமே நின்று மணிக்கணக்காகப் பேசுவது மடத்தலைவர்க்கு வழக்கமன்று. ஞானியாரடிகள் அவ்வழக்கத்தை மாற்றினார். சிவிகையில் ஊர் ஊராகச் சென்று, தமிழும் சைவமும் பற்றிப் பேசினார்.

அடிகளைக் கேட்டவர் அனைவரும் ஒருமுகமாகக் குறிப்பிடுவன இரண்டு. எழுதிவைத்த குறிப்பு ஒன்றுமின்றி, தட்டுத்தடங்கலின்றி நெடுநேரம் பேசுவார் என்பது ஒன்று. எத்துணைத் தொலைவு விலகிச் சென்றாலும், எடுத்துக்கொண்ட பொருளுக்குத் தவறாது மீண்டு வருவார் என்பது மற்றொன்று. முன்னதை வியப்போர் பலர், கற்கவேண்டுவது பின்னதே. கிளைக்கதை சொல்லுவது எளிது. அக்கிளை எந்த மரத்தினது என்பதனைக் கேட்போர் மறவாதபடி செய்தல் அரிது. அடிகள் மடத்தில் மாணாக்கர்க்கு நாள்தோறும் தமிழ்ப்பாடஞ் சொல்லிவந்தார். தமிழோடு வடமொழியும் பிறமொழிகளும் கற்றிருந்தார். பட்டம் ஏற்ற நாளிலிருந்து ஐம்பதாண்டு நாள்தோறும் பாடஞ் சொன்ன ஒருவர்க்குப் பொருள்கள் உள்ளத்தில் தமக்குரிய அறைகளில் அமர்ந்திருத்தல் வியப்பன்று. அவையோர் கண்டது வெள்ளம். அவ்வெள்ளத்திற்குக் கரை கட்டினது பாடசாலை.

1905-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் சைவ சித்தாந்த சமாஜம் தோன்றியதும் அடிகளது திருவருட் சார்பிலேயாம். மறைமலையடிகளும் ஜே.எம். நல்லசாமிப்பிள்ளையும் அதனோடு தொடர்புடையவர்கள். ஆண்டுதோறும் வெவ்வேறூரிற் கூடிய அதன் மாநாடுகள் சைவச் சொற்பொழிவாளர்க்கு ஒரு தேர்வுக்களமாயின. ஒருவர் பேசிய பின் மற்றொருவர் பேசவேண்டியிருந்தமையின், முன்னவர் சொன்னதைப் பின்னவர் சொல்லாமலும், குறித்த காலத்தை மீறாமலும் பழக நேர்ந்தது. காலத்தை மீறாமை என்பது மட்டும் இன்றளவும் முற்றும் கைவந்ததாகத் தெரியவில்லை. தலைமையுரை ஒரு மணி நேரமும், தலைமையுரைக்கு முன்னுரை ஒன்றரை மணி நேரமும் நிகழ்ந்த அவைகளைச் சைவ அன்பர் பலர் பொறுமையோடு கண்டிருப்பர்.

இக்காலத்தே பெண்டிரும் மேடையேறினர். இரட்டணையிற் பிறந்து திருப்பாதிரிப்புலியூரில் வாழ்ந்த பண்டிதை அசலாம்பிகையம்மையார், இளமையிலேயே கைம்மை எய்தியும் தமிழ்க்கல்வியில் உள்ளத்தைச் செலுத்தி, அவைகளிற் சொற்பொழிவாற்றி, பின்னர்க் காந்தி புராணமும் பாடினார். கைம்பெண் ஒருத்தி விழாப்பந்தலில் முன்னே வந்து நிற்பதையும் பொறாத ஊர்கள் அக்காலத்தில் மிகுதி. அவ்வூர்களிலேயே அம்மையார் நூற்றுக்கணக்கானோர் முன் நின்று பேசினார். திரு.வி.க. அவரை இக்கால ஔவையார் என்று போற்றியது முகமனன்று.

திருப்பாதிரிப்புலியூர் அந்நாளில் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. ஏம்பலமும் வாகூரும் வில்லியனூரும் 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தன. ஒரு வயலைக் கடந்தால் ஓர் அரசு, மறு வயலைக் கடந்தால் மற்றோர் அரசு என்னும்படி எல்லை பின்னிக்கிடந்த நாடு அது. சுங்கச்சாவடியார் அரிசியையும் துணியையும் சோதித்தனர். பேச்சைச் சோதிக்க வழி இல்லை. பெண்ணையாற்றில் மணல் தெரியும் காலங்களில் இக்கரையிலுள்ளார் அக்கரையிலுள்ள கோயில் விழாவிற்குச் செல்வதும், அங்குக் கேட்டதனை இங்கு வந்து திண்ணையில் சொல்வதும் எளிய செயல்களே.

அங்ஙனம் திண்ணையில் சொல்வதே பயிற்சியின் முதற்படி என்பதனை ஊரார் அறிவதில்லை. கேட்டதனை மறுநாள் இருவருக்குச் சொல்லிப் பார்ப்பவன், எது நினைவில் நின்றது, எது நழுவிற்று என்று அறிகின்றான். நழுவினதைத் தேடிப் படிக்கின்றான். பாரதப் பந்தலில் பின்பாட்டுப் பாடுவோன் செய்வதும், வண்ணார்பண்ணையில் இரு நண்பர் செய்ததும், திரிபுவனைக் கல்லூரியில் மாணாக்கர் ஆசிரியர் அருகிருந்து செய்ததும் இதனின் வேறல்ல. ஏம்பலத்தில் நாத்தடுமாறிய இளைஞனுக்கு ஊரார் கொடுக்கவேண்டியது தீர்ப்பன்று. அடுத்த வெள்ளிக்கிழமை மாலையில் மற்றுமொரு முறை பேசுவதற்கு இடம். பெரியபுராணத்தில் ஒரு நாயனார் வரலாற்றை மட்டும், கால்மணி நேரத்தில், முதலும் முடிவும் விளங்கச் சொல்லென்று பணித்தால் போதும். குரல் நடுங்கினும் கேடில்லை. திருநீலகண்டர் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினவன் அவர் மனைவியார் ஆணையிட்ட இடத்திற்கு வந்ததும், அவையிலுள்ளார் அசைவற்றிருப்பதைக் கண்டு, தன் நடுக்கத்தைத் தானே மறந்துவிடுவான்.

ஞானியாரடிகள் முருகப்பெருமானிடத்தே பேரன்பு பூண்டவர். 1942-ஆம் ஆண்டு தைப்பூச நாளையொட்டிப் பழனிக்கு எழுந்தருளி, அங்கேயே இறைவனடி சேர்ந்தார். அடிகளிடம் பாடங் கேட்ட மாணாக்கர் அப்போது பல ஊர்களில் தமிழாசிரியராயும் சொற்பொழிவாளராயும் இருந்தனர்.